ஏழாம் நம்பர் சீட்டுல ரெண்டு பேரு

கலைச்சது நானா? நல்லா இருக்கு சார் கத.

டெமோ கிளாஸ கெடுத்தேன். வந்த புள்ளைகள கலைச்சு விட்டேன். பக்கத்து சென்டர்காரன் அனுப்பி வச்ச ஆளு நான். இவ்வளவையும் வாட்ஸ்அப் குரூப்ல போட்டிருக்கீங்க. வந்தவன் வராதவன் எல்லாம் பாக்குற குரூப்பு.

தனபால் சார், நீங்க கம்ப்யூட்டர் சென்டர் மேனேஜர். பேசுங்க, வேணாங்கல. ஆனா நான் பாண்டீஸ்வரி. எங்க வீட்லயே என்கிட்ட வாய் குடுக்க யோசிப்பாங்க.

யாரு அனுப்புனான்னு தான கேட்டீங்க?

ரஃபீதா அனுப்புனா. எழுதி வச்சுக்கங்க.

காலேஜ்ல எனக்கு ஒரு வருசம் ஜூனியர். எந்த கோர்ஸ் வாசலயும் மிதிக்கல. மதுரைல வீட்ல உக்காந்துக்கிட்டு பெங்களூர் கம்பெனிக்கு வேல பாக்குறா.

நான் ரெண்டு கோர்ஸ் முடிச்சவ. ரெண்டு சர்டிபிகேட்டும் பீரோவுல பட்டுச்சேலைக்கு அடியில சுகமா தூங்குது.

வேலதான் கெடைக்கல.

"மூணாவதா ஒண்ணு படி. அதோட சரி. அதுக்கப்புறம் பி.எட்"டுன்னு அப்பா சொல்லிட்டாரு. அம்மா பி.எட் காலேஜுக்கு போன் போட்டு, ஹாஸ்டல் சாப்பாடு எப்படின்னு வரைக்கும் கேட்டாச்சு.

டீச்சர் வேல மட்டம்னு சொல்லல. எனக்கு வராது. பொறுமையா? எனக்கா? நீங்களே பாத்தீங்கல்ல.

அதனால ஜூனியர் வீட்டுக்குப் போனேன். ரோசத்த செருப்போட சேத்து வாசல்ல கழட்டிப் போட்டுட்டு.

மாடில துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தா.

"ஏ ரஃபீதா, ஒரே வார்த்தைல சொல்லு. எந்த கோர்ஸ்ல சேரட்டும்? பைத்தானா, டேட்டாவா, கிளவுடா, டெஸ்டிங்கா?"

"வாங்கக்கா. ஏற்கனவே படிச்சதுல என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?"

லேப்டாப்ப தொறந்து காட்டுனேன். பஸ் டிக்கெட் புக் பண்ற ப்ராஜெக்ட். எங்க பேட்ச்ல எல்லாருக்கும் அதான் ப்ராஜெக்ட். அங்க நடத்துன சார் திரையில அடிப்பாரு, நாங்க பாத்து அடிப்போம். இன்டர்வியூவுக்குப் போனா, வெளிய காத்துக்கிட்டு இருக்குற பாதிப் பேரு ரெஸ்யூம்ல அதே ப்ராஜெக்ட். எல்லாரும் ஒரே பஸ்லதான் வந்திருந்தோம்.

ரஃபீதா ஈரக் கைய துப்பட்டாவுல தொடச்சா. என் லேப்டாப்ல ஏழாம் நம்பர் சீட்ட எடுத்தா. அவ போன்லயும் அதே பக்கத்த தொறந்து, அதே ஏழாம் நம்பர எடுத்தா.

ரெண்டு கையாலயும் ஒரே நேரத்துல அமுக்குனா.

லேப்டாப்ல வந்துச்சு: உங்கள் இருக்கை ஏழு. பயணம் இனிதாகட்டும்.

போன்லயும் வந்துச்சு: உங்கள் இருக்கை ஏழு. பயணம் இனிதாகட்டும்.

"யாருக்கா எந்திரிக்கணும்?"ன்னா.

"என்ன?"

"ஒரு சீட்டுல ரெண்டு பேரு உக்காந்திருக்காங்க. யாரு எந்திரிக்கணும்?"

"மொதல்ல வந்தவன் உக்காரட்டும்."

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வந்தாங்க."

"இதெல்லாம் எங்களுக்கு நடத்தவே இல்லடி."

"பஸ்ல நின்னுக்கிட்டு வர்றவன்கிட்ட அப்படித்தான் சொல்லுவீங்களா?"

எனக்கு சுள்ளுன்னு வந்துச்சு. "நான் என்ன கேட்டேன், நீ என்ன பேசுற? நான் கேட்டது கோர்ஸு!"

"நானும் அதத்தான் சொன்னேன்."

துணி வாளியத் தூக்கிக்கிட்டு கீழ போயிட்டா.

பாத்துக்கங்க சார். ஜூனியரு. என்னைய நிக்க வச்சுட்டுப் போறா.

வீட்டுக்கு வந்து முட்டிப் பாத்தேன். ஒண்ணும் நடக்கல. எனக்கு நடத்துன பழைய சாருக்கு போன் போட்டேன். "அது ரெஸ்யூமுக்குத்தாம்மா. அதுல எவன் ஏறிப் பாக்கப் போறான்?"னாரு.

திரும்ப ரஃபீதா வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவ செருப்பக்கூட கழட்டல. வாசல்ல நின்னே கத்துனேன்.

"வரல! ரெண்டு பயலும் எந்திரிக்க மாட்டேங்குறாங்ய!"

"எனக்கும் மொதல்ல வரலக்கா."

"அப்ப விடையச் சொல்லித் தொலையேன்."

"யார் யார்கிட்ட கேட்டீங்க?"

"யார்கிட்டயும் கேக்கல. கேட்டா சிரிப்பாங்ய."

"சிரிச்சா சிரிக்கட்டும். கேளுங்க."

அதுக்கு மறுநாள்தான் உங்க சென்டர்ல இலவச டெமோ. பைபாஸ் ரோட்ல பேக்கரிக்கு மேல, வாசல மறைச்சு பேனர். இப்ப புரியுதா யாரு அனுப்புனான்னு?

ரிசப்ஷன்ல அந்தப் புள்ள கேட்டுச்சு. "எந்த கோர்ஸ்ல இன்ட்ரஸ்ட் மேடம்?"

"ஒரு சீட்டுல ரெண்டு பேரு உக்காந்துட்டா யாரு எந்திரிக்கணும்னு எந்த கோர்ஸ்ல சொல்லித் தருவீங்க?"

அது பாவம், என்னைய ஏற எறங்கப் பாத்துட்டு, "உள்ள போய் கேளுங்க மேடம்"னு அனுப்பிருச்சு.

மொத ரூம்ல உங்க கோட்டு சார். சித்திர மாச வெயில்ல கோட்டு. எதிர்காலம், எதிர்காலம்னு பேசுனாரு. கைய தூக்குனேன். கேட்டேன்.

"வெரி குட் கொஸ்டின்"னாரு. "அது அட்வான்ஸ்டு மாட்யூல்ல வரும்."

"சார், விடைய மட்டும் இப்பச் சொல்லுங்க, மத்தத அப்பப் படிச்சுக்குறேன்."

"மொதல்ல சேருங்கம்மா."

எந்திரிச்சு வந்துட்டேன்.

ரெண்டாவது ரூம்ல ஒரு மேடம். "டவுட்டெல்லாம் கடைசில"ன்னாங்க. கடைசி வரைக்கும் உக்காந்தேன். கடைசில "டைம் ஆயிருச்சு"ன்னாங்க.

இதுக்குப் பேரு கலாட்டாவா சார்? கைய தூக்கிக் கேட்டேன். எங்க அப்பா முன்னாடிகூட நான் அவ்வளவு மரியாதையா நின்னதில்ல.

மூணாவது ரூமுக்குப் போனேன். எட்வின் சார். சளி புடிச்சு, கையில கர்ச்சீப்போட நின்னாரு. திரையில ஏதோ ஸ்லைடு ஓடிக்கிட்டு இருந்துச்சு. நான் உக்காரக்கூட இல்ல. கேட்டேன்.

அவரு தும்முனாரு. யோசிச்சாரு.

"தெரியலயே"ன்னாரு.



சார், நான் இத்தன வருசமா படிக்கிறேன். வகுப்புல நின்னுக்கிட்டு அந்த வார்த்தைய ஒருத்தரு சொல்லி நான் கேட்டதே இல்ல.

"உங்க பஸ்ஸ இங்கிட்டுக் கொண்டாங்க, பாப்போம்"னாரு. ஸ்லைட மூடிட்டாரு. என் லேப்டாப்ப திரையில மாட்டுனாரு. என்னத்தையோ அடிச்சாரு. "நீங்க இதுல அமுக்குங்க. அந்தா கடைசில சிரிக்கிற தம்பி, நீ போன்ல அமுக்கு."

அவன் பேரு அழகுபாண்டி. நானும் அவனும் ஒண்ணா அமுக்குனோம்.

ரெண்டு பேருக்கும் பயணம் இனிதாகட்டும்.

கொல்லுனு சிரிப்பு. அவரும் சிரிச்சாரு. மறுபடி அடிச்சாரு. மறுபடி அமுக்குனோம். இந்தத் தடவ ரெண்டு பேருக்குமே சீட் இல்ல. வேற ஆளு அமுக்குனா அவனுக்கும் இல்ல.

"நல்லாப் பூட்டிட்டேன் போல. இப்ப பஸ்ல டிரைவர் மட்டும்தான் போறாரு"ன்னாரு.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "சார், பெரியார் பஸ் ஸ்டாண்டுல எப்படி எடம் புடிப்பாங்ய? ஜன்னல் வழியா துண்டப் போடுவாங்யல்ல? டிக்கெட்டு அப்புறம். மொதல்ல துண்டு!"

எட்வின் சாரு என்னையப் பாத்தாரு. கையில இருந்த கர்ச்சீப்ப அப்படியே முன்னாடி கெடந்த சேர்ல போட்டாரு.

"இப்ப யாராவது உக்காருவீங்களா?"

அழகுபாண்டி சொன்னான், "சளி கர்ச்சீப்பு சார். ஊருக்கே போய்ச் சேந்தாலும் அதுல எவனும் உக்கார மாட்டான்."

சிரிச்சு முடிக்கல, அவனே திரும்பக் கேட்டான். "சார், அந்தப் பக்க ஜன்னல்ல இருந்து இன்னொருத்தன் அதே நேரத்துல துண்டப் போட்டா?"

"அடியில கெடக்குற துண்டுக்குத்தான் சீட்டு"ன்னு ஒருத்தன்.

"யாரு துண்டு அடியில கெடக்குன்னு யாரு பாத்தா?"ன்னு இன்னொருத்தன்.

சண்ட. நெசமான பஸ் ஸ்டாண்டு சண்ட. ஒருத்தனுக்கு ஒருத்தன் பேருகூடத் தெரியாது, துண்டுக்கு அடிச்சுக்கிறாங்ய.

அதுவரைக்கும் வாயே தொறக்காம முன்வரிசைல இருந்த ஒரு புள்ள, கூச்சத்தோட சொல்லுச்சு. "கண்டக்டர்கிட்ட கேக்கலாம்ல?"

எட்வின் சாரு அந்தப் புள்ள பக்கம் திரும்புனாரு.

"கண்டக்டர் எத்தன பேரு?"

"ஒருத்தர்தான்."

"ரெண்டு பேரு ஒரே நேரத்துல கூப்பிட்டா?"

"யாராவது ஒருத்தர் பக்கந்தான சார் மொதல்ல திரும்ப முடியும்?"

அவரு உக்காந்து அடிக்க ஆரம்பிச்சாரு. அடிச்சாரு, தப்பா வந்துச்சு. திரை முழுக்கச் செவப்பு. யாரும் சிரிக்கல. "அந்த வரியப் பாருங்க சார்"னு ஒருத்தன் எந்திரிச்சுப் போனான். "அது இல்ல, அதுக்கு மேல"ன்னு இன்னொருத்தி போனா. கொஞ்ச நேரத்துல சேர்ல யாருமே இல்ல. எல்லாரும் மேசையச் சுத்தி நின்னோம்.

நீங்க அப்பத்தான் வந்தீங்க. "டெமோ டைம் முடிஞ்சுச்சு, அட்மிஷனுக்கு வாங்க"ன்னீங்க. யாரும் திரும்பல. ப்ரொஜெக்டர நிறுத்துனீங்க. லேப்டாப்ல பாத்தோம். ஃபேன நிறுத்துனீங்க. ஒரு புள்ள ஜன்னலத் தொறந்துச்சு.

அதுதான் நீங்க சொல்ற கலாட்டா.

நீங்க கதவப் புடிச்சுக்கிட்டு நின்னப்பத்தான் நானும் அழகுபாண்டியும் கடைசியா அமுக்குனோம்.

அவனுக்கு வந்துச்சு: உங்கள் இருக்கை ஏழு.

எனக்கு வந்துச்சு: மன்னிக்கவும். இந்த இருக்கை போய்விட்டது.

எனக்குத்தான் சீட்டு கெடைக்கல. நான்தான் மொதல்ல கை தட்டுனேன்.

படிய ரெண்டு ரெண்டாத் தாண்டி எறங்கி, நேரா ரஃபீதா வீடு. மூச்சு வாங்குது.

"முடிவு பண்ணிட்டேன்டி! அப்பாட்டயும் போன்ல சொல்லிட்டேன்!"

"எந்த கோர்ஸ்க்கா?"



"மூணாவது ரூம்"னேன்.

"அது என்ன கோர்ஸு?"

"எட்வின் சாரு எடுப்பாரு."

"என்ன கோர்ஸுக்கா?"

நான் கேக்கவே இல்ல சார். சத்தியமா. கதவுல எழுதி இருந்துருக்கும். பாக்கல.

 ரஃபீதா மாடிப்படில குனிஞ்சு கீழ பாத்துக் கத்துனா.

"அம்மா! ஈஸ்வரிக்கா சாப்பிட்டுட்டுத்தான் போவாங்க!"

அவ்வளவுதான் சொன்னா. வயிறாரச் சாப்பிட்டேன். ரொம்ப நாளைக்கப்புறம்.

காலைல எந்திரிச்சுப் போனப் பாத்தா உங்க மெசேஜு. பாண்டீஸ்வரி பேட்ச்ச கலைச்சுட்டா. அதுக்குக் கீழயே இன்னொண்ணு. திங்கக்கிழமைல இருந்து மூணாவது ரூமையும் கோட்டு சாரே பாத்துக்குவாராம். எட்வின் சாரு டெமோவுக்கு மட்டுந்தானாம்.

அட்மிஷன் விழலன்னு தான கோவம்? விழும் சார். அழகுபாண்டி வர்றான். அந்தக் கண்டக்டர் புள்ள வருது. அங்க மேசையச் சுத்தி நின்ன எல்லாரும் நேத்தே பேசிட்டோம், ஒருத்தர் விடாம வர்றோம். எங்க அப்பா கையெழுத்துப் போட கூடவே வர்றாரு.

எனக்குத் தனியாப் போன் பண்ணாதீங்க, எடுக்க மாட்டேன். "ஆபீஸுக்கு வாம்மா, பேசிக்குவோம்"னு சொல்லாதீங்க, வர மாட்டேன். என்னையத் திட்டுனது எல்லாரும் பாக்கத்தான? இதையும் எல்லாரும் பாக்கவே சொல்லுங்க.

திங்கக்கிழம காலைல அந்த மேசைல யாரு உக்காருவா? எட்வின் சாரா, கோட்டு சாரா?

இங்கயே, இந்தக் குரூப்லயே. பதில் சொல்லுங்க சார்.