ஒயருக்குப் பார்த்த பொருத்தம்

ஓரிக்கண்மாயில் அண்ணன் தம்பி மூன்று பேர் இருந்தார்கள். மூத்தவன் ஆண்டியப்பன், நடுவுள்ளவன் சோனைமுத்து, இளையவன் வெள்ளைக்கண்ணு. மூவருக்கும் சேர்த்து அந்த வீட்டில் ஒரே ஒரு புத்திதான் இருந்தது என்றும், கடைசியாகத் தங்கை பாகம்பிரியாள் பிறந்ததும், பெண்பிள்ளைக்கு ஆகுமே என்று அதையும் அவளிடமே கொடுத்துவிட்டார்கள் என்றும் ஊரில் சொல்வார்கள். கொடுத்தது வீண்போகவில்லை. அவள் கபடி விளையாடி, மாவட்டத்தைத் தாண்டி, மாநில அணிக்கே போய்விட்டாள்.

அந்த வருஷம் இறுதிப் போட்டி பாட்னாவில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் நேரடியாகக் காட்டுவார்கள் என்று போனில் சொன்னாள். அன்றிலிருந்து ஆண்டியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. தாய் தகப்பன் போனபிறகு அவளுக்குச் சடை பின்னிவிட்டவன் அவன்தான். பின்னல் எப்போதும் ஒரு காதுப் பக்கமாகவே போகும். அவளும் அதோடுதான் பள்ளிக்கூடம் போனாள். அந்தப் பிள்ளை டிவியில் வரப்போகிறது. வீட்டு டிவியிலோ அந்தச் சேனல் இல்லை. மாடியில் இருந்த பழைய டிஷ் ஆன்டெனாக் குடைக்குச் செய்தியும் பக்திப் பாட்டும் மட்டும்தான் பிடிக்கும்.

ஆகவே புதுக் குடைக்குச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை வின்சென்ட் என்கிற மெக்கானிக் வந்து, பழைய குடையைக் கழற்றிவிட்டு மாடியில் புதுக் குடையை நிறுத்தினான். டிவி பக்கத்தில் புது செட்டாப் பெட்டியை வைத்தான். பிறகு சுவரோரம் ஓடிய பழைய ஒயரை இழுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"அண்ணே, ஒயர் ரொம்பப் பழசு. ஒரு முனையில இந்த ஸ்பிளிட்டர் வேற. இது ரெண்டாப் பிரிச்சு விடுற சாமான். இது இருந்தா ஒண்ணும் சேராது. பழசையும் புதுசையும் பொருத்தம் பாத்துத்தான் சேக்கணும். ஞாயித்துக்கிழமை நல்ல ஒயரோட வாரேன். அதுவரைக்கும் எதையும் கையால தொடாதீங்க."

அவன் போனதும் மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். முதலில் ஸ்பிளிட்டர் விஷயம். அதை மாட்டிய வருஷம்தான் சித்தப்பா தனி அடுப்பு வைத்துக்கொண்டு பிரிந்து போனார் என்று சோனைமுத்து ஞாபகப்படுத்தினான். குடும்பத்தைப் பிரிக்கிற சாமானை இத்தனை காலம் கூடத்துச் சுவரிலேயே வைத்திருந்தோமே என்று ஆண்டியப்பன் தலையில் அடித்துக்கொண்டான். வெள்ளைக்கண்ணு கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அதைக் கழற்றி, ஊர் எல்லைக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தான்.

அடுத்தது பொருத்தம். அதற்கு ஜோசியர் மாயழகு இருக்கிறார். வந்தவரைத் திருப்பி அனுப்பும் வழக்கம் அவருக்குக் கிடையாது. குடைக்கும் ஒயருக்கும் பொருத்தம் பார்க்கணும் என்றதும் பஞ்சாங்கத்தைப் பிரித்து, நாள் நட்சத்திரம் கேட்டார். குடை பிறந்த மாசம் அதன் முதுகில் ஒட்டியிருந்தது. ஒயர் வாங்கியது செவலைப் பசு கன்று போட்ட பங்குனி உத்திரத்தன்று.

"இதுல மாப்பிள்ளை யாரு?" என்றார் ஜோசியர்.

இதை அவர்கள் யோசித்திருக்கவில்லை.

"குடைதான் மாப்பிள்ளை. கல்யாணத்துல மாப்பிள்ளைக்குத்தானே குடை," என்றான் வெள்ளைக்கண்ணு.

"குடை மாப்பிள்ளைக்குப் பிடிக்கிறது. குடையே எப்படிடா மாப்பிள்ளையாகும்?" என்றான் ஆண்டியப்பன். "தவிர, ஒயர் நம்ம வீட்டுலயே கிடந்தது. குடை வெளியிலேருந்து வந்தது. வந்தவதான் பொண்ணு."

ஜோசியரும் அது நியாயம் என்றார். வெகுநேரம் விரல் விட்டு எண்ணினார். கடைசியில், மற்ற பொருத்தமெல்லாம் உத்தமம், ரஜ்ஜு மட்டும் தட்டுகிறது என்றார்.

"ரஜ்ஜுன்னா?"

"கயிறு. கயிறுதான் சரியில்லை."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பஞ்சாங்கம் இல்லாமல், வெறுமனே இழுத்துப் பார்த்தே வின்சென்ட் இதைச் சொல்லிவிட்டானே என்று அவன்மேல் அவர்களுக்கு மரியாதை கூடிப்போயிற்று. பரிகாரம் உண்டா என்று கேட்டார்கள். தாரதோஷத்துக்குச் செய்கிற மாதிரி மாப்பிள்ளையை முதலில் ஒரு வாழைமரத்துக்குக் கட்டிவைத்து, மரத்தை வெட்டிவிட்டால் தோஷம் அதோடு போய்விடும் என்றார் மாயழகு.

சனிக்கிழமை காலையில் கொல்லையில் முகூர்த்தம். மூவரும் கையில் துண்டு சுற்றிக்கொண்டு ஒயரைச் சுவரிலிருந்து உருவி, வாழைமரத்தில் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினார்கள். சோனைமுத்து வாயாலேயே கெட்டிமேளம் வாசித்தான். ஆண்டியப்பன் அரிவாளை ஓங்கி, மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒரே போடாகப் போட்டான். மரம் சாய்ந்தது. ஒயரும் மூன்று இடத்தில் அறுந்தது.

மூவரும் குனிந்து அறுந்த இடங்களை எண்ணினார்கள்.

"மூணு எடத்துல அறுந்தா மூணு முடிச்சுத்தானே போடணும்," என்றான் வெள்ளைக்கண்ணு மெதுவாக. அதில் இருந்த மங்களம் மற்ற இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது. மூன்று முடிச்சுப் போட்டு, மஞ்சள் தடவி, ஒரு முனையைக் குடையிலும் மறுமுனையைப் பெட்டியிலும் சொருகினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்ட நேரம் நெருங்கிவிட்டது. வின்சென்ட் வரவில்லை. டிவியைப் போட்டால் ஒரே கறுப்பு. ஆண்டியப்பன் பெட்டியில் ஒட்டியிருந்த நம்பரைத் தேடிப் பிடித்தான். குடைக் கம்பெனிக்குப் போன் போட்டான். ஒரு பெண் மரியாதையாகப் பேசினாள்.

"சார், முதல்ல பெட்டியை நல்லா அணைச்சிருங்க. கொஞ்ச நேரம் கழிச்சுப் போடுங்க."

ஆண்டியப்பன் பெட்டியை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். தங்கையைக் குழந்தையில் தூக்கி வைத்திருந்தது ஞாபகம் வந்து கண் கலங்கியது. அவனுக்குக் கை வலித்ததும் சோனைமுத்து வாங்கி அணைத்துக்கொண்டான். போடுகிற நேரம் வந்தபோது, எங்கே போடுவது என்று ஒரு விவாதம் நடந்தது. தரையில் போட்டால் அடிபடும் என்று வைக்கோல் கொண்டுவந்து பரப்பி, அதன்மேல் இடுப்பு உயரத்திலிருந்து போட்டார்கள். பிறகு எடுத்துத் துடைத்துப் பழைய இடத்தில் வைத்தார்கள்.

"போட்டாச்சும்மா," என்றான் ஆண்டியப்பன்.

"இப்ப டிவியில என்ன சார் தெரியுது?"

ஆண்டியப்பன் கிட்டப் போய்க் கறுப்புக் கண்ணாடியை உற்றுப் பார்த்தான். "மூணு பேரு தெரியுறாங்க. ஒருத்தர் போன் பேசிக்கிட்டிருக்காரு."

"பேசுறது கேக்குதா சார்?"

"நல்லாக் கேக்குதும்மா. கிட்டத்துல கேக்குது."

"அப்ப சரியாயிடுச்சு சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

வேறு ஒன்றும் வேண்டாம் என்று நன்றி சொல்லி வைத்தான். மூவரும் வரிசையாக உட்கார்ந்து பார்த்தார்கள். டிவியில் இருந்த மூவரும் உட்கார்ந்தார்கள். இவர்கள் ஆட்டம் பார்க்க வந்த ஜனங்கள், ஆட்டம் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று சோனைமுத்து விளக்கினான். நேரம் போய்க்கொண்டே இருந்தது. நடுவில் உட்கார்ந்திருந்த ஆளின் முகம் போகப்போக வாடிக்கொண்டே வந்தது. பார்க்கப் பார்க்க ஆண்டியப்பனுக்குத் தாங்கவில்லை.

"பாவம்டா அவரு," என்றான். "அவரும் தங்கச்சி ஆட்டத்தைப் பாக்கத்தான் வந்திருப்பாரு."

அந்தச் சமயத்தில் வின்சென்ட் வந்து சேர்ந்தான். வழியில் வண்டி பஞ்சராம். பெட்டியின் இடுக்கில் வைக்கோலையும், ஒயரில் மஞ்சளையும், முடிச்சுகளையும் பார்த்தான். ஏதோ கேட்க வாயைத் திறந்தவன், மூன்று முகங்களையும் பார்த்துவிட்டு, கேட்காமலே மாடிக்குப் போனான். குடையிலிருந்து பெட்டிவரை ஒட்டில்லாமல் ஒரே புது ஒயராக இழுத்து மாட்டி, டிவியைப் போட்டான்.

படம் வந்தது. அந்த மூன்று பேரும் மறைந்து போனார்கள். பச்சைத் தரையில் பாகம்பிரியாள் நின்றாள்.

ஆட்டம் முடிகிற நேரம். இவள் அணி ஒரு புள்ளி பின்னால் இருந்தது. கடைசியாகப் பாடிப் போனவள் அவள்தான். ஒருத்தியைக் காலால் தொட்டாள். திரும்புமுன் இன்னொருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அவளையும் இழுத்துக்கொண்டு விழுந்து, கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டாள். இரண்டு புள்ளி, அவள் அணி ஜெயித்துவிட்டது. அவளைத் தோழிகள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சடை ஒரு காதுப் பக்கமாக அவிழ்ந்து தொங்கியது. ஆண்டியப்பன் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதான். தம்பிகளும் அழுதார்கள். வின்சென்ட்டும் காரணம் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ராத்திரி பாகம்பிரியாள் போன் செய்து, ஆட்டத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டாள்.

"பாத்தோம்த்தா," என்றான் ஆண்டியப்பன். குரலில் ஒரு குறை இருந்தது. "கண்ணெடுக்காம உன்னையவே பாத்தோம். நீதான் ஒருவாட்டிகூட எங்க பக்கம் திரும்பிப் பாக்கல."

அவள் சிரிக்கவில்லை, அண்ணன்மாரை அவளுக்குத் தெரியும். "அங்கேருந்து தெரியலண்ணே," என்றாள்.

ஆண்டியப்பன் இதைப் படுத்தபடி யோசித்தான். குடை கிழக்கே வானத்தைப் பார்த்து நிற்கிறது. பாட்னாவோ வடக்கே இருக்கிறது. அவள் கண்ணுக்கு எப்படித் தெரிவோம்?

விடிந்ததும் மூவரும் குளித்து, தேய்த்த சட்டை போட்டு, தலை சீவி மாடிக்குப் போனார்கள். குடையை வளைத்து வடக்கே திருப்பினார்கள். அதன் முன்னால் பாயை விரித்து, படம் பிடிக்க உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆண்டியப்பன் தங்கைக்குப் போன் போட்டு, இப்போது தெரிகிறதா என்று கேட்டான்.

பாகம்பிரியாள் அப்போது ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தாள்.

"நல்லாத் தெரியுதுண்ணே," என்றாள். "நடு அண்ணன்தான் சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருக்கு."

சோனைமுத்து குனிந்து பார்த்தான். மாற்றித்தான் போட்டிருந்தான். தங்கை முன்னால் இப்படியா என்று கூச்சப்பட்டு, எழுந்து குடைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றிப் போட்டான்.