நெல்லிக்குப் பக்கத்தில் நின்ற சந்தனம்

அந்தக் காலத்தில் மரங்கள் வாய்விட்டுப் பேசும். சந்தனத்தின் வாசனையும் அப்போது உள்ளே ஒளிந்து கிடக்கவில்லை. இலையிலும் பூவிலும் கமகமத்தது. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் மலையில் சந்தனத்தின் பேச்சுதான்.

ஆனால் அதற்குத் தன் வேரை மட்டும் நம்பிப் பிழைக்கத் தெரியாது. கன்றாக இருந்தபோதே பக்கத்தில் நின்ற நெல்லிமரத்திடம் தண்ணீர் கேட்டுக் கெஞ்சியது.

"குடிச்சுக்கோ தம்பி, என் வேருல இருக்கறது ரெண்டு பேருக்கும் போதும்" என்றாள் நெல்லி.

அப்படியே மண்ணுக்கடியில் நெல்லியின் வேரைக் கவ்விக் குடித்துச் சந்தனம் வளர்ந்தது. வெளியே யாருக்கும் தெரியாது.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. மலையே காய்ந்து கிடக்க, சந்தனம் மட்டும் தளதளவென்று நின்றது. அதைப் பார்த்து அணில் வாயைப் பிளந்தது. "எப்படிண்ணே இது? பக்கத்துல நெல்லியக்கா எலும்பும் தோலுமா நிக்கறாங்களே!"

உண்மையைச் சொல்லச் சந்தனத்துக்கு நாக்கு எழவில்லை. "என் வேர் ஆழம்ப்பா. சில பேருக்குச் சாமர்த்தியம் போதாது" என்றது.

நெல்லிக்கும் அது கேட்டது. அப்போதும் அவள் தன் வேரை இழுத்துக்கொள்ளவில்லை. சந்தனமும் வேரை விடவில்லை. விட்டால் தானும் வாடிப்போவோம், குட்டு உடைந்துவிடும் என்ற பயம். ஆடி பிறப்பதற்குள் நெல்லி வேரோடு சாய்ந்தாள்.

அந்த வாரம் மலையடிவாரத்துச் சடைச்சியின் மாமனார் இறந்துபோனார். சிதைக்கு விறகு தேடி வந்த சடைச்சி, பெயர்ந்து கிடந்த நெல்லியின் வேரைப் பார்த்தாள். சந்தனத்தின் வேர்கள் அதில் அட்டைபோல் ஒட்டிக்கொண்டிருந்தன.

"அடப்பாவி, கூடவே நின்னு இவளை உறிஞ்சித்தான் இத்தனை மினுக்கா?"

அணிலும் பார்த்தது. வேறு மரத்துக்குப் போய்விட்டது.

சந்தனத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. இலையின் வாசனையை இழுத்துக்கொண்டது, பூவின் வாசனையை இழுத்துக்கொண்டது, அத்தனையையும் நடுமரத்துக்குள் கொண்டுபோய்ப் பூட்டியது. பிறகு மெல்லக் கேட்டது: "தாயி, எங்கிட்டயும் ஒரு கட்டை வெட்டு. அக்கா எரியறப்ப நானும் கூட எரியணும்."

சடைச்சி ஏறிட்டும் பார்க்காமல் ஒரு கட்டையை வெட்டி எடுத்துக்கொண்டு போனாள். நெல்லி விறகின் மேல் அது எரிந்தபோது மலை முழுக்க மணத்தது.

அன்று முதல்தான், எந்த விறகை அடுக்கிய சிதையானாலும் மேலே ஒரு சந்தனக் கட்டையை வைக்கிறார்கள். வெட்டினாலோ உரசினாலோ ஒழிய சந்தனமரம் தன் மணத்தை வெளியே காட்டுவதில்லை. வேர் மட்டும் இன்றும் பக்கத்து மரத்திடம்தான் குடிக்கிறது. அதனால் அதன் வெட்கமும் தீர்ந்தபாடில்லை.