விற்க வந்த வால்வு மைக்

எங்கள் குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடர்களில் மூத்தவனான எனக்கு அறுபத்து மூன்று. மேலப்பாளையத்தில் ஒரு மாவு மில்லின் மாடியில் ஷமீமா ஒலிப்பதிவு அறை வைத்திருக்கிறாள். வீட்டிலேயே பதிவு செய்ய ஆசைப்படுகிறவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் சொல்லிக் கொடுப்பாள். கீழே மில் ஓடினால் பாடம், மில் நின்றால் பதிவு. 'குருவே' என்று கூப்பிட்டால் அவளுக்குக் கோபம் வரும். அதனாலேயே நான் அப்படிக் கூப்பிடுவேன்.

ஒரு சனிக்கிழமை செண்பகவல்லி டீச்சர் படியேறி வந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வருகிறார். கையில் மரப்பெட்டி இருந்தது.

டீச்சரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கண் தெரியாத பிள்ளைகளின் விடுதி ஒன்றுக்குப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்புகிறவர். பதினோரு வருஷமாக. ஒன்பது மாதத்துக்கு முன் அவருக்குத் தைராய்டு கட்டியை எடுத்தார்கள். புண் ஆறின கையோடு, மதுரையில் ஸ்டூடியோவை மூடிக்கொண்டிருந்த ஒருவரிடம் பழைய ரேடியோ மாதிரி உள்ளே வால்வு எரியும் மைக் ஒன்று வாங்கினார். வைத்திருந்த சின்ன மைக்கைத் தங்கச்சி மகளுக்குக் கொடுத்துவிட்டார்.

வால்வு மைக்கில் குரல் கனிந்து வரும் என்று அவரை உசுப்பேற்றியது நான்தான். கூடப் போய்ப் பார்த்து வாங்கிக் கொடுத்ததும் நான்தான். என்னத்தைப் பார்த்தேன்? பெட்டியின் பூட்டைப் பார்த்தேன். உள்ளே நீல வெல்வெட்டைத் தடவிப் பார்த்தேன். பெரிய மேதாவி!

டீச்சர் பெட்டியை மேஜையில் வைத்தார்.

"ஷமீமா, இதை யாருக்காவது வித்துக் குடுத்திரு."

"ஏன் டீச்சர்?"

"குரல் போயிருச்சு. இனிமே மைக் எதுக்கு?"

"இப்பப் பேசுதீங்களே, நல்லாத்தான கேக்கு."

"நீயும் ஆரம்பிச்சிட்டியா? டாக்டர் தொண்டைக்குள்ள குழாய் விட்டுப் பாத்துட்டு குரல் நரம்பு நல்லா இருக்குங்காரு. வீட்டுக்காரரு, உனக்கு ஒண்ணும் இல்லங்காரு. எல்லாரும் ஆறுதலுக்குச் சொல்லுதாங்க. மைக்குக்கு என்ன வந்துச்சு, பொய் சொல்ல?"

"மைக் என்ன சொல்லுது?"

"கிணத்துக்குள்ள கெடந்து பேசுத மாதிரி இருக்கு. எவ்வளவு பக்கத்துல போனாலும் அப்படித்தான். இம்புட்டுப் பெரிய மைக்குலயே என் குரலு இப்படின்னா, கோளாறு யாருக்கு?"



டீச்சர் குரலைத் தணித்துக்கொண்டார். "போன வாரம் விடுதிப் பிள்ளை ஒருத்தி கேட்டுட்டா, 'டீச்சர், ஏன் எங்களை விட்டுத் தள்ளிப் போய் உக்காந்து வாசிக்கீங்க'ன்னு. அன்னைக்கு ராத்திரி நான் சாப்பிடல. திங்கக்கிழமை வார்டன்ட்டச் சொல்லிரப் போறேன், வேற ஆளைப் பாத்துக்கிடச் சொல்லி."

என்னால் அவரை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. பதினோரு வருஷத்துப் பேச்சை இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

ஷமீமா பெட்டியைத் திறந்தாள்.

"வேற யாருக்கு எதுக்கு டீச்சர்? நானே வாங்கிக்கிடுதேன். ஆனா பழைய மைக் வாங்குதவ எப்படிப் பாப்பாளோ, அப்படித்தான் பாப்பேன். சம்மதமா?"

"தாராளமாப் பாரு."

மைக்கை ஸ்டாண்டில் மாட்டினாள். கனத்த கேபிளை அதன் மின்பெட்டியில் சொருகி சுவிட்சைப் போட்டாள். "வால்வு சூடாகட்டும், அரை மணி நேரம்" என்று சொல்லிவிட்டு டீ வைக்கப் போய்விட்டாள்.

டீயும் வந்தது.  டம்ளரைத் தொடாமலே டீச்சர் கேட்டார்:

"ஷமீமா, குரல் போயிருச்சா இல்லையான்னு ஒரு மனுஷி எப்படித்தான் நிச்சயமாத் தெரிஞ்சுக்கிடுதது?"

"டீ ஆறுது டீச்சர்" என்றாள் ஷமீமா.

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு வேதனையோடு ஒருத்தர் கேட்கிறார், டீயைப் பற்றிப் பேசுகிறாளே இந்தப் பிள்ளை! குருவாவது மண்ணாவது என்று மனசுக்குள் திட்டினேன்.

கீழே மில் நின்றது. ஷமீமா எழுந்து டீச்சருக்கு ஹெட்போனை மாட்டிவிட்டாள். மைக்கில் கம்பெனி முத்திரை இருக்கும் பக்கம் டீச்சரை நிறுத்தினாள். இந்த மாதிரிப் பக்கவாட்டில் பேசுகிற மைக்குகளில் முத்திரை இருக்கும் பக்கம்தான் முகம். அந்த முகத்தைப் பார்த்துத்தான் எல்லாரும் பேசுவோம்.

"ஏதாவது வாசிங்க."

டீச்சருக்குப் புத்தகம் தேவையில்லை. "நீர் மூன்று நிலைகளில் காணப்படுகிறது. திண்மம், நீர்மம், வாயு..." பாதியில் நிறுத்திவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பாத்தியா? அதே கிணறு."

"சரி. வாசிச்சுக்கிட்டே மைக்கைச் சுத்தி வாங்க."

"நான் எதுக்குச் சுத்தணும்?"

"வாங்குதவ கேக்கேன். சுத்திக் காட்டுங்க."

"விக்க வந்த இடத்துல பிரதட்சணம் வேற" என்று முணுமுணுத்தபடி டீச்சர் நடக்க ஆரம்பித்தார். ஹெட்போன் ஒயர் காலில் சிக்கிவிடும் என்று நான் அதைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன், சாமி புறப்பாட்டில் குடை பிடிக்கிறவன் மாதிரி. ஷமீமா பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு இலேசாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீர் மூன்று நிலைகளில்..."

கால்வட்டம் போனார். புருவம் சுருங்கியது. இன்னும் நாலு அடி வைத்தார்.

"...காணப்படு... யம்மாடி!"

இரண்டு கையாலும் ஹெட்போனைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். ஷமீமாவின் மேஜையில் சத்தத்தின் அளவு காட்டும் முள் எகிறி ஒரு பக்கமாகப் போய் முட்டியது. அவள் சட்டென்று குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைத்தாள்.

"யாரு இது?" என்றார் டீச்சர்.

"நீங்கதான் டீச்சர்."

"இன்னொரு தடவை சொல்லட்டா?"

"சொல்லுங்க."

"நீர்" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு மேல் அவரால் போக முடியவில்லை. நின்ற இடத்திலேயே அழுதார். அந்த அழுகையும் காதுக்குள் நல்ல கனத்தோடு கேட்டிருக்க வேண்டும், அதைக் கேட்டுச் சிரித்தார், பிறகு மறுபடி அழுதார். நானும் ஒயரைப் பிடித்தபடி அழுதேன். என் வயசுக்கு அது நன்றாகவா இருந்தது? போகட்டும்.

ஷமீமா பதிவை ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினாள். முதலில் எங்கேயோ கேட்ட குரல், அடுத்த நிமிஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசியது.

அப்புறம் மைக்கின் அடிவளையத்தைக் கழற்றினாள். உறை தனியாக வந்தது. அதைப் பாதி சுற்று திருப்பி மறுபடி மாட்டினாள். முத்திரை இப்போது டீச்சர் நின்ற பக்கம் வந்துவிட்டது.

"முன்னால யாரோ வால்வு மாத்தியிருக்காங்க. உறையைத் திருப்பி மாட்டும்போது பக்கம் மாறிப்போச்சு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வலைதான, பாத்தா யாருக்கும் தெரியாது."

"அப்ப எட்டு மாசமா நான்..."

"முதுகைப் பாத்துப் பேசியிருக்கீங்க."

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, வெல்வெட்டை மட்டும் நல்லாத் தடவிப் பாத்தீங்க!"

திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

டீச்சர் உட்காரவே இல்லை. பையிலிருந்து புத்தகத்தை எடுத்து அந்தப் பாடத்தை முதலிலிருந்து வாசித்தார். நாலாவது பக்கத்தில் கீழே மில் ஓட ஆரம்பித்தது. "சவத்த மூதி, கொஞ்ச நேரம் சும்மா கெடக்கக் கூடாதா!" என்று தரையைப் பார்த்து வைதார். அதுவும் பதிவானது. ஷமீமா அதை அழிக்கவில்லை.

மைக்கைப் பெட்டியில் வைக்கப் போன ஷமீமாவின் கையை டீச்சர் பிடித்துக்கொண்டார்.

"மைக் திரும்பி இருக்குன்னு உனக்கு முன்னாலயே தெரியும். பாத்த உடனே கண்டுபிடிச்சிட்ட, என்ன?"

"இல்ல டீச்சர்."

"பொய் சொல்லாத."

"சத்தியமாத் தெரியாது. குரல்தான் போயிருக்குமோன்னு எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு."

"பின்ன எதுக்குட்டி என்னைச் சுத்தி வரச் சொன்ன?"

ஷமீமா கேபிளைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்:

"எட்டு மாசமா ஒரே இடத்துல நின்னே கேட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க. அது மட்டுந்தான் டீச்சர் எனக்குத் தெரிஞ்சுது."