காடாத் துணி ஜெர்கின்

தனிஸ்லாஸ் கல்யாணக் கோட்டு தைத்துப் பேர் வாங்கியவர். ரெடிமேட் கடைகள் பெருகியபின் கோட்டுக்கு அளவு கொடுக்க ஆள் வரவில்லை. தலை நரைத்த வயதில், தன்னைவிட இளைய பெனிட்டாவிடம் வேலை கற்கப் போனார். உழைக்கிறவர்களுக்கு உடுப்பு தைப்பதில் தூத்துக்குடியில் அவளை மிஞ்ச ஆளில்லை. கடையில் எல்லோருக்கும் அவள் மாஸ்டர். தனிஸ்லாஸுக்கும் மாஸ்டர்தான், அவள் அவரை அண்ணே என்று கூப்பிடுவாள்.

அவள் கொடுத்த முதல் வேலை, முத்துக்கனிக்கு ஒரு ஜெர்கின்.

முத்துக்கனி இறால் கம்பெனியின் குளிரறையில் பெட்டி அடுக்குகிறவள். மேல் தட்டுக்குக் கையைத் தூக்கும்போதெல்லாம் உடுப்பும் கூடவே ஏறிவிடும். இடுப்பில் குளிர் தாக்கும். இடுப்பு பிடித்துக்கொண்டு ஒருமுறை பெட்டியோடு விழுந்துவிட்டாள். இன்னொரு தடவை விழுந்தால் வேலைக்கு வரவேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

"முதல்ல காடாத் துணியில தைங்கண்ணே. அவ போட்டுப் பாத்துச் சொல்லட்டும். நல்ல துணியைப் பிறகு வெட்டலாம்," என்றாள் பெனிட்டா.

தனிஸ்லாஸ் தலையாட்டினார். ஆனால் பிசிறும் நூலுமாக ஒன்றைத் தைத்து அடுத்தவர் கையில் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. நல்ல துணியிலேயே, பஞ்சு வைத்து, லைனிங் கொடுத்து, ஜிப் மாட்டி, தேய்த்து மடித்துக் கொண்டுபோனார்.

முத்துக்கனி தடவிப் பார்த்துவிட்டு, நல்லா இருக்குண்ணே என்றாள்.

ஆனால் அவள் முகம் அப்படிச் சொல்லவில்லை. அவராகவே யோசித்து, நீளம் கூட்டி இன்னொன்று தைத்தார். நல்லா இருக்குண்ணே. தோளை அகட்டி மற்றொன்று. அதுவும் நல்லாத்தான் இருந்தது.

ஒருநாள் பெனிட்டா அவரைக் கம்பெனிக்குக் கூட்டிப்போனாள். குளிரறை வாசலில் ஆணிகளில் அவர் தைத்த ஜெர்கின்கள் வரிசையாகத் தொங்கின. தேய்த்த மடிப்புகூடக் கலையவில்லை. உள்ளேயிருந்து வந்த முத்துக்கனி, கிழிந்த ஸ்வெட்டருக்கு மேல் இடுப்பில் புருஷனின் பழைய சாரத்தைச் சுற்றிக் கட்டியிருந்தாள்.

அவரைப் பார்த்ததும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆணியில் தொங்குவது தான்தான் என்று தனிஸ்லாஸுக்குப் பட்டது.

"ஏன்மா சொல்லலை?"

"எப்படிண்ணே வாய் வரும்? மாப்பிள்ளைச் சட்டை மாதிரி மடிச்சுக் கொண்டாந்து நிக்கீங்க."

பெனிட்டா ஒரு ஜெர்கினை எடுத்தாள். கத்தரிக்கோலால் அக்குளில் நறுக்கென்று வெட்டிவிட்டாள்.

"இது இப்போ கந்தல். போட்டுக்கிட்டு, இடிக்கிற இடத்துல கோடு போட்டுச் சொல்லு," என்று சாக்பீஸை முத்துக்கனி கையில் கொடுத்தாள்.

அப்புறம் அந்த வாய் ஓயவில்லை. ஜிப் இரும்பு குளிரில் உறைந்து தாடையில் சுடுகிறதாம். கையுறை போட்ட விரலுக்கு அது பிடிபடவில்லையாம். பையில் பெட்டி மாட்டுகிறதாம். கோடு போட்டுப் போட்டு ஜெர்கினே வெள்ளையாகிவிட்டது. ஒவ்வொரு கோடும் தனிஸ்லாஸுக்குத் தன் முதுகில் விழுவதுபோல இருந்தது.

அதன்பிறகு காடாத் துணியில் தைத்தார். கையைத் தூக்கினால் உடுப்பு ஏறாதிருக்க அக்குளில் துண்டு சேர்த்தார். பிரித்து மறுபடி சேர்த்தார். நூல் தொங்க அதைத் தூக்கிக்கொண்டு பெண்களுக்கு நடுவே நடக்கும்போது காது சுட்டது. சாக்கு மூட்டைக்குக் கை வச்சுத் தைச்சிருக்காரு டெய்லரண்ணன் என்று ஒருத்தி சிரித்தாள். முத்துக்கனி கோடு போட்டு அனுப்புவாள். மறுபடி போவார். கோடுகள் குறைந்துகொண்டே வந்தன.

கடைசியாகக் கொண்டுபோனதை அவள் வாங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். கதவுக் கண்ணாடி வழியே அவரும், கூட வந்திருந்த பெனிட்டாவும் பார்த்தார்கள். பெட்டியை மேல் தட்டுக்குத் தூக்கினாள். கை மேலே போயிற்று, ஜெர்கின் இடுப்பை விடவில்லை. இன்னொரு பெட்டி. இன்னொன்று.

வெளியே வந்தவள், பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ பேசிச் சிரித்தபடி அடுத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தனிஸ்லாஸைத் தாண்டி மறுபடி உள்ளே போய்விட்டாள். அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அவர் நின்றுகொண்டே இருந்தார். கேட்க வெட்கமாக இருந்தது. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலியே மாஸ்டர்."

"அவளுக்குக் குளிரலைண்ணே," என்றாள் பெனிட்டா. "உங்க ஞாபகம் எப்படி வரும்?"