படத்தில் இருந்த கடற்கரை

கடலுக்கே வேலி போடத் துணிந்த முதலாளி ஒருத்தர் இருந்தார். பெயர் தணிகாசலம். கரையோர மணல்மேட்டை வழித்தெடுத்துவிட்டு அங்கே விடுதி கட்டினார். வரவேற்பறையில் மாட்டிய படத்தில் மட்டும் அந்த மேடு பழையபடி இருந்தது. அதன்மேல் அடம்பங்கொடி ஊதா ஊதாவாகப் பூத்துக் கிடந்தது. கூட்டிப் பெருக்க வரும் ஜெசிந்தா தினமும் அந்தப் படத்தைத் துடைப்பாள். தூசி போன பிறகும் துடைத்துக்கொண்டே நிற்பாள்.

ஒருநாள் விருந்தாளிகள், "படத்தில் இருக்கிற இடம் எங்கே?" என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள். முதலாளிக்கு மூக்குக்கு மேல் கோபம். ஜெசிந்தாவைக் கூப்பிட்டார்.

"சாயங்காலத்துக்குள்ள கரை படத்துல உள்ளபடி இருக்கணும். ஒண்ணு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இல்லேன்னா உனக்கு இங்க வேலை இல்ல."

"சரி முதலாளி" என்று படத்தைக் கழற்றிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் முதலாளி விருந்தாளிகளோடு வந்து பார்த்தால், கரையில் கிடந்த நிழற்குடை, நாற்காலி, ஒலிபெருக்கி எல்லாம் முதலாளி அறை வாசலில் குவிந்து கிடக்கின்றன. ஜெசிந்தா கடப்பாரையோடு சாப்பாட்டுக் கூடத்துச் சுவரை நெருங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏய், என்ன பண்ற?"

"இதெல்லாம் படத்துல இல்ல முதலாளி. இந்தச் சுவரும் இல்ல."

விருந்தாளிகள் கொல்லென்று சிரித்தார்கள். "அப்போ அந்த இடம் எங்கம்மா?" என்றார் ஒருவர்.

"நீங்க நிக்கிற இடந்தாங்க. மேட்டை வழிச்சுத்தான் இதைக் கட்டுனாங்க."

சிரிப்பு அடங்கிவிட்டது. முதலாளி கத்தினார்: "சுவரை விடு! அந்தப் படத்தைத் தூக்கி எறி!"

ஜெசிந்தா கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுப் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"எறிய வேண்டாம் முதலாளி. எங்க கரையில நீங்க விட்டுவச்சது இது ஒண்ணுதான். வீட்டுக்குக் கொண்டுபோறேன்."