வைத்தியசாலைக்கு ஒரு சுமை விறகு

இந்தக் கதை எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்பதில் சந்தேகம் உண்டு. நாட்டின் பெயர் மறந்துவிட்டது. அரசரின் பெயரை ஆளுக்கொரு விதமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். முன்னொரு காலத்தில் நடந்தது என்பது மட்டும் நிச்சயம். அந்தக் காலத்திலும் மனிதர்களுக்குக் காய்ச்சல் வந்தது, சோறு பொங்க விறகு வேண்டியிருந்தது. ஆகையால் மற்றது எது மாறியிருந்தாலும் பெரிய பிழையில்லை.

அரண்மனையை ஒட்டி ஒரு தரும வைத்தியசாலை இருந்தது. மருந்து இலவசம். ஆனால் நோயாளி தன் கஷாயத்தைக் காய்ச்சுவதற்கு ஒரு சுமை விறகு கொண்டுவர வேண்டும் என்பது வழக்கம். தலைமை வைத்தியர் சஞ்சீவிநாதர் எந்த நோயானாலும் எட்டுப்படி தண்ணீர் ஊற்றி, அது ஒரு படியாக வற்றும்வரை காய்ச்சச் சொல்வார். ஊரைச் சுற்றியிருந்த காடு வருஷத்துக்கு வருஷம் தள்ளிப்போனது. காய்ச்சலில் நடுங்குகிறவன் அரைக் காதம் நடந்து விறகு வெட்டினால்தான் அவன் காய்ச்சலுக்கு மருந்து. வெட்டத் தெம்பில்லாதவர்கள் விறகுக் கிடங்கின் அதிகாரி மணியம் திருமேனியிடம் வாங்க வேண்டும். அவர் வைத்ததுதான் விலை.

கஷாயக் கூடத்துப் புகை அரசரின் சன்னல் வழியே உள்ளே வந்தது. அரசருக்கு இருமல். இருமலுக்குக் கஷாயம். கஷாயம் காய்ச்ச மறுபடியும் புகை. நாற்பது நாள் இப்படிப் போனபின் ஒரு காலையில் அரசர் கிண்ணத்தை வீசியெறிந்தார். "விறகுச் செலவும் புகையும் குறைய வழி தெரிந்தவர் யாராயினும் சபைக்கு வரலாம், வழி சொன்னவருக்குப் பட்டாடை" என்று முரசறையச் சொன்னார்.

மூன்று நாள் யாரும் வரவில்லை. நான்காம் நாள் விகடகவி குழைக்காதர் ஒரு பெண்ணை அழைத்து வந்தார்.

விகடகவி என்றதும் வாய் ஓயாதவர் என்று நினைப்போம். குழைக்காதர் அப்படியல்ல. ஒரு கேள்வி கேட்டால் வெற்றிலை மென்று முடிக்கும் நேரம் பேசாமல் இருப்பார். அவர் சொல்லப்போகும் பதிலைவிட அந்த மௌனத்துக்குத்தான் சபையில் அதிகம் பயந்தார்கள்.

வந்தவள் பெயர் பாவாயி. நெல் அவித்துக் கொடுத்துப் பிழைப்பவள். அவள் கணவன் ஒரு மாதமாகக் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தான். அவனுக்காகத் தினமும் விறகு சுமந்து அவள் தோள் காய்த்துப் போயிருந்தது.

"பயப்படாமல் சொல்லம்மா" என்றார் அரசர்.

"மகாராசா, கூடத்துல ஏழு அடுப்பு தனித்தனியா எரியுது. கொடியடுப்பு போடச் சொல்லுங்க. பெரிய வாயில எரியிற தீயோட மிச்சச் சூடு பக்கத்து வாய்க்குப் போவும். ஒரு விறகுல ரெண்டு பானை. கூரையில ஒரு புகைக்கூண்டு வைங்க. இந்தத் தெருவுல பாதிப் பேரு இருமுறது அந்தப் புகையாலதான்." கொஞ்சம் தயங்கி, "இன்னொண்ணு. ஒரு படி கஷாயத்துக்கு எட்டுப்படி எதுக்கு? மருந்துச் சரக்கை ராவே ஊறப்போட்டா சாறு தானா இறங்கும். ரெண்டுபடி ஊத்துனா போதும்."

சஞ்சீவிநாதர் எழுந்துவிட்டார். "சாஸ்திரம் எட்டுப்படி என்கிறது. நெல் அவிக்கிறவள் எனக்குக் கஷாயம் சொல்லித் தருகிறாளா?"

"நெல்லும் வேவுறதுக்குத்தானே சாமி அடுப்புல ஏறுது" என்றாள் பாவாயி.

சபையில் யாரோ சிரித்தார்கள். அதுதான் வினையாயிற்று. மணியம் திருமேனி அரசரை நெருங்கிக் கைகட்டி நின்றார்.

"அரசே, விறகைக் குறைப்பதில் இவ்வளவு கெட்டிக்காரி என்றால், விறகே இல்லாமல் இந்தச் சபையில் தண்ணீரைக் கொதிக்க வைக்கட்டும். சுள்ளி, வரட்டி, உமி, எண்ணெய், வெயில் எதுவும் கூடாது. முடியாவிட்டால் சபையை ஏமாற்றிய குற்றத்துக்கு நாடு கடத்துங்கள்."

அரசர் நல்லவர்தான். ஆனால் போட்டி என்றால் அவருக்கு இருமல்கூட மறந்துபோகும். "அப்படியே ஆகட்டும்!" என்றார்.

பாவாயி கைகூப்பினாள். "மகாராசா, என் புருசன் நடக்க முடியாதவன். எல்லை தாண்டறதுக்குள்ள செத்துப்போவான்" என்றாள். அரசர் தலையைக் குனிந்துகொண்டார். சொன்ன சொல்லைச் சபையிலேயே திரும்பப் பெற அவருக்குக் கூச்சமாக இருந்தது.

குழைக்காதர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அரசே, இவளுக்குப் பதிலாக அடியேன் கொதிக்க வைக்கிறேன். தவறினால் நானும் இவர்களோடு போகிறேன், இவள் புருஷனைத் தூக்க ஓர் ஆள் வேண்டுமே. ஆனால் யோசனை சொல்லி முடித்துவிட்டாள். அதற்கான பட்டாடையை முதலில் போர்த்திவிடுங்கள். தோற்றால் பிடுங்கிக்கொள்ளலாம்" என்றார்.

அரசர் தம் கையாலேயே பாவாயிக்குப் பட்டாடை போர்த்தினார். சேவகர்கள் இரண்டு பானைகளில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள்.

சஞ்சீவிநாதரால் தாங்க முடியவில்லை. "இருபது வருஷம் நாடி பிடித்தபின் எனக்குக் கிடைத்த பட்டாடை! அதை இவள் தோளில் பார்க்க என் வயிறு பற்றி எரிகிறது அரசே!"

"எனக்கு மட்டும் என்னவாம்?" என்றார் மணியம். "என் வயிறும்தான் எரிகிறது!"

மென்று முடித்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார் குழைக்காதர்.

"அரசே, அடுப்பு தயார். விறகில்லை, வரட்டியில்லை. எரிகிறது என்று அவர்களே தங்கள் திருமுன் சொன்னார்கள். இருவரையும் அருகருகே படுக்க வைத்தால் கொடியடுப்பு. பெரிய பானை வைத்தியர் வயிற்றில், சின்னது மணியம் வயிற்றில்."

அரசர் கண்ணசைத்தார். சேவகர்கள் இருவரையும் படுக்கவைத்துப் பானைகளை ஏற்றினார்கள்.

"அம்மாடி, குளிருதே!" என்றார் மணியம்.

"பேச்சுக்குச் சொன்னதைப் பிடித்துக்கொள்ளலாமா? வயிறு எங்காவது எரியுமா?" என்று கத்தினார் வைத்தியர்.

"எரியவில்லையா? அப்படியானால் அரசர் முன் பொய் சொன்னீர்கள்" என்றார் குழைக்காதர்.

"பொய்யில்லை! எரிகிறது!"

"எரிந்தால் அசையாமல் படுத்திருங்கள். எத்தனை நாழிகைக்குள் கொதிக்க வேண்டும் என்று மணியம் சொல்லவில்லை. கொதிக்கும்வரை காத்திருப்போம். எனக்கு அவசரமில்லை."

குழைக்காதர் ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். சபை முழுவதும் காத்திருந்தது. உச்சிவேளையில் மணியத்தின் பானை ஒருமுறை ஆடி அவர் முகத்தில் தண்ணீரைக் கொட்டியது. "நிபந்தனையே வேண்டாம் அரசே, எழுந்திருக்க விடுங்கள்!" என்று அலறினார். வைத்தியரும் தலையாட்டினார்.

அரசர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் சிரிப்பாகிக் கண்ணில் நீர் வந்தது. "பட்டாடை பாவாயிக்கே. குழைக்காதருக்கு ஆற்றோரத்தில் இரண்டு காணி நிலம். நீங்கள் இருவரும் வயிற்றெரிச்சல் நோயாளிகள். மருந்து வேண்டுமல்லவா? வழக்கப்படி காட்டுக்குப் போய் ஆளுக்கொரு சுமை வெட்டி வாருங்கள்."

சாயங்காலம் சஞ்சீவிநாதர் உள்ளங்கை கிழிந்து, சுமையோடு திரும்பினார். அதை இறக்கியதும் அரசரிடம் அவர் சொன்னது ஒன்றுதான்: "நோயாளியால் இது முடியாது அரசே."

மறுநாளே அந்த வழக்கம் நின்றது. ஏழு அடுப்புகளை இடித்து மூன்று கொடியடுப்பு போட்டார்கள், கூரையில் புகைக்கூண்டு வைத்தார்கள். அரசரின் இருமல் அந்த மாதத்துக்குள் போய்விட்டது. சஞ்சீவிநாதர் வைத்தியராகவே இருந்து, ஊறவைத்துக் காய்ச்சும் முறையைத் தம் மாணவர்களுக்குப் பாவாயியின் பெயர் சொல்லியே கற்பித்தார். மணியம் திருமேனி தாமே கேட்டு உப்பளத்துக்கு மாற்றம் வாங்கிக்கொண்டு போனார். குழைக்காதர் தம் நிலத்தில் எள் விதைத்து, நல்ல முதுமையில் இறந்தார். பாவாயியின் கணவன் எழுந்து நடந்தான். இருவரும் அதே ஊரில், அதே தெருவில், கடைசிவரை இருந்தார்கள்.