செல்லையாவின் நான்கு வரிகள்

கோயம்புத்தூரில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதிக்கொடுக்கும் ஓர் அலுவலகம். அங்கே செல்லையா என்று ஒருவர். வயது ஐம்பத்திரண்டு, ஒன்பது பேர் கொண்ட ஜாவா குழுவுக்குத் தலைவர். அவருக்குக் குரு அதே அலுவலகத்து மதுரவல்லி, முப்பதுகூட ஆகவில்லை. சந்தேகம் என்று வந்தால் மதிய இடைவேளையில் அவளிடம்தான் போய் நிற்பார். டீச்சர் என்றே கூப்பிடுவார். ஹோம்வொர்க் முடிச்சாச்சா என்று குழுவில் கேலி செய்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நிரலைத் தானே எழுதித்தரும் கருவிகள் மூன்று வந்திருந்தன. ஒன்றைத் தேர்ந்து அன்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும். போன வருடம் அவர் தேர்ந்தெடுத்த கருவி காலை வாரிவிட்டிருந்தது. இந்த முறையும் பிசகினால் குழுவையே கலைத்துவிடுவதாக மேலிடம் சொல்லிவிட்டது.

மதிய இடைவேளையில் செல்லையா அவளிடம் ஓர் அட்டவணையை நீட்டினார். எது எத்தனை நொடியில் எத்தனை வரி எழுதியது என்று ஒரு மாதம் உட்கார்ந்து போட்டது. முதல் கருவிக்கு முதலிடம். மூன்றாவது மந்தம், அதனால் கடைசி.

"எதுங்க டீச்சர் நல்லது?"

அவள் அட்டவணையைப் பார்க்கவில்லை. பாலிசி விவரங்களைக் கையாள மூன்று கருவிகளும் எழுதிய நிரல் பகுதியைத் திறந்து, முதியவர்களுக்கான சலுகை விதியை ஒவ்வொன்றிலும் உங்கள் கையால் எழுதுங்கள் என்றாள். எழுதினார். நான்கே வரி.

"வாடிக்கையாளர் கூப்பிட்டார்னு வெச்சுக்குங்க," என்றாள். "பாலிசிக்கு ரெண்டாவதா ஒரு நாமினி வேணுமாம். கருவிகளை மறுபடி எழுத வைங்கண்ணா."

முதல் கருவி கண் மூடித் திறப்பதற்குள் முடித்தது. நாமினி இருந்தார். செல்லையாவின் நான்கு வரிகள் இல்லை. மேலே போய்த் தேடினார், கீழே வந்து தேடினார். இரண்டாவதிலும் அதே கதை.

"போன வருஷமும் இப்படித்தான் போயிருக்கு," என்றார் மெதுவாக. "பசங்க கையால எழுதினதெல்லாம். நான் அவங்களைத்தான் திட்டினேன்."

மதுரவல்லி மூன்றாவதைக் கை காட்டினாள்.

அது ஆற அமர எழுதியது. முடித்தபோது புது நாமினியும் இருந்தார், நான்கு வரிகளும் எழுதிய இடத்திலேயே இருந்தன.

செல்லையாவின் முகத்தில் ஒரு மாதமாக இல்லாத தெளிவு. மாலைக்கு இன்னும் நேரம் இருந்தது.

"அப்ப மூணாவதுதான்னு எழுதிடட்டுங்களா டீச்சர்?"

"இருங்கண்ணா," என்றாள் அவள். "வாடிக்கையாளர் மறுபடி கூப்பிடுறார். அந்த நாமினி வேண்டாமாம். எடுக்கும்போது உங்க நாலு வரியும் சேர்ந்து போகுதான்னு பாருங்க."